‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதுவதற்கு முன்: மருத்துவமனைப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் குடும்ப வன்முறை குறித்த வழிகாட்டி

ஓர் இரவு பதினொரு மணிக்கு வலது மணிக்கட்டு வீங்கிய நிலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர், அதே மருத்துவமனையின் மகப்பேறு வார்டில் எனக்கு மூத்தவராகப் பணியாற்றிய செவிலியர். “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு எழுதிடுங்க டாக்டர்” என்று அவர் கேட்டுக்கொண்டார். டியூட்டி டாக்டர் சொல்லச் சொல்ல, விபத்துப் பதிவேட்டில் அந்த வரியை எழுதியது நான். அந்த அக்காவுக்கு நல்லது செய்வதாகவே நாங்கள் இருவரும் நம்பினோம். எட்டு மாதங்கள் கழித்து அவர் நீதிமன்றத்துக்குப் போனபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வாசித்தது அந்த வரியைத்தான்.

அதன் பிறகு அவருடன் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் புதிதாகப் பணிக்கு வந்த செவிலியர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. 2019-21 இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் புறநோயாளர் வரிசையிலும், உங்கள் டியூட்டி பட்டியலிலும் அவர்கள் இருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. காயத்தையும் அதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

வழுக்கி விழுபவர் கையை ஊன்றுவார். அடி உள்ளங்கையிலும் முழங்காலிலும் முழங்கையிலும் இருக்கும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கோ முன்கையின் சுண்டுவிரல் பக்கம் கன்றிப்போயிருக்கும். மேற்கையின் உட்பக்கம், காதின் பின்புறம், கழுத்து, மார்பு, கர்ப்பிணியின் வயிறு ஆகிய இடங்களில் உள்ள காயங்களுக்குக் குளியலறைத் தரை காரணமாக இருப்பது அரிது. காது வலி என்று வரும் பெண்ணின் இடது செவிப்பறை கிழிந்திருந்தால், வலக்கையால் அறைந்திருக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வர வேண்டும். வெவ்வேறு நிறங்களில் பல கன்றல்கள் இருந்தால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறத்தை வைத்து ‘மூன்று நாள் பழைய காயம்’ என்று நாள் கணக்குப் போடாதீர்கள்; அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று, நீதிமன்றத்தில் அதை எளிதில் உடைத்துவிடுவார்கள்.

கழுத்தை நெரித்த நிகழ்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கழுத்தின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, கண்ணின் வெண்பகுதியிலோ இமையின் உட்புறத்திலோ ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் சிறுநீர் பிரிந்துவிட்டதாக அவர் தயங்கித் தயங்கிச் சொல்வது ஆகிய அறிகுறிகளைத் தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும். உள்வீக்கம் சில மணி நேரம் கழித்துக் கூடி மூச்சை அடைக்கலாம் என்பதால், நன்றாகப் பேசுகிறாரே என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பாமல், குறைந்தது அந்த இரவாவது கண்காணிப்பில் வைக்கும்படி மருத்துவரிடம் வற்புறுத்துங்கள்.

விஷம் குடித்து வருபவர்களிடமும் வீட்டு நிலைமையைக் கேட்க வேண்டும். கோவை, திருப்பூர்ப் பக்கம் சாணிப் பவுடர், மற்ற இடங்களில் எலி பேஸ்ட், அரளி விதை என்று பொருள் மாறினாலும், அதற்கு முந்தைய மாலையில் வீட்டில் நடந்தது பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கிறது. எலி பேஸ்ட்டில் முதல் நாள் வாந்தி நின்றதும் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். கல்லீரல் கெடத் தொடங்குவது அதற்குப் பிறகு. அந்த இடைவெளியில்தான் கணவர் வீட்டார் “நாங்க கூட்டிட்டுப் போறோம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். தற்கொலைக்கு முயன்றதற்காக அந்தப் பெண்ணின் மீதே வழக்கு வரும் என்று அவரை மிரட்டி வைத்திருப்பார்கள். 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதை அவர் காதில் போட்டு வையுங்கள்.

2. தனியாகப் பேச ஒரு வழி செய்யுங்கள்

கேட்கும் கேள்விக்கெல்லாம் உடன் வந்தவரே பதில் சொன்னால், அவரை வெளியே போகச் சொல்லி வாக்குவாதம் செய்யாதீர்கள். அந்தக் கோபத்தை வீட்டில் தாங்கப் போவது அந்தப் பெண். “எக்ஸ்ரே ரூமுக்குள்ள அட்டெண்டர் வரக் கூடாது”, “யூரின் டெஸ்ட் எடுக்கணும்”, “நீங்க போய் ஓ.பி. சீட்டுல சீல் வெச்சுட்டு வாங்க” என்பவை போதும். திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தியோ ஒடியாவோ மட்டுமே பேசும் பெண்களுக்குக் கணவரே மொழிபெயர்ப்பாளராக வருவார். அப்போது மொழி தெரிந்த வேறு ஊழியரை அழையுங்கள். குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

தனிமை கிடைத்தபின் கேள்வி நேராக இருக்கட்டும். “இந்த மாதிரி அடிபட்டு வர்றவங்க கிட்ட எல்லாம் நாங்க கேக்கறதுதாம்மா. வீட்டுல யாராவது அடிச்சாங்களா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அவர் உங்களைத் தேடி வரலாம். “ஏன் இன்னும் அந்த வீட்டுல இருக்கீங்க?”, “நீங்க என்ன சொன்னீங்க, அவர் அடிக்கிற அளவுக்கு?” என்ற இரண்டையும் எந்நாளும் கேட்காதீர்கள். அனுபவம் மிக்க சீனியர்களே இவற்றைக் கேட்டு நான் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் கர்ப்பிணியாக வந்தால் இந்தத் தயக்கத்துக்கெல்லாம் இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம்.

3. விபத்துப் பதிவேட்டில் எழுதும் முறை

நாம் ‘ஏ.ஆர்.’ என்று சொல்லும் இந்தப் பதிவுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். வழக்கமாக நம் பதிவேடுகளில் ‘தெரிந்த நபர் ஒருவரால் தாக்கப்பட்டதாக’ என்று ஒரு சூத்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அடித்தவர் கணவர் என்று அந்தப் பெண் சொன்னால், அந்த உறவுமுறையை அப்படியே எழுதும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரம், இடம், எதனால் தாக்கப்பட்டார், யார் அழைத்து வந்தார் என்பவை விடுபடக் கூடாது. ‘அன்று இரவு 9.30 மணியளவில் வீட்டில் கணவர் வலது கையை முறுக்கிச் சுவரில் தள்ளியதாக நோயாளியே கூறுகிறார். தாயாருடன் வந்தார்’ என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது.

காயங்களை எண்ணிட்டு எழுத வேண்டும்: எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன வடிவம், என்ன நிறம். ‘உடலில் பல இடங்களில் சிராய்ப்பு’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. உடல் வரைபடம் இருந்தால் அதில் குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் உருவம் வரைந்து இணைக்கலாம். மச்சம், தழும்பு என்று இரண்டு அங்க அடையாளங்கள் கேட்கும் கட்டத்தை அவசரத்தில் காலியாக விட்டுவிடுவோம். நாளை ‘இந்த ஏ.ஆர். இவருடையதே இல்லை’ என்ற வாதம் வந்தால் அந்தக் கட்டம்தான் பதில் சொல்லும். படம் எடுப்பதாக இருந்தால் அவருடைய ஒப்புதலுடன் எடுங்கள். உங்கள் சொந்தக் கைப்பேசியில் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். இது நடந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

அவரே ‘வழுக்கி விழுந்தேன் என்று எழுதுங்கள்’ என்று கேட்டால் என்ன செய்வது? அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே, மேற்கோள் குறிக்குள் எழுதலாம். அதற்குக் கீழே காயங்களை உள்ளபடி விவரித்து, ‘சொல்லப்பட்ட காரணத்துடன் காயங்கள் பொருந்தவில்லை’ என்று மருத்துவர் தம் கருத்தைத் தனியாகப் பதிய வேண்டும். இதனால் அவருடைய விருப்பத்தை மீறியதாகவும் ஆகாது, பொய்யை ஆவணமாக்கியதாகவும் ஆகாது. எங்கள் அக்காவின் மேற்கையின் உட்பக்கத்தில் நான்கு விரல் தடங்கள் வரிசையாகக் கன்றிப்போயிருந்ததை அன்று நான் பார்த்தேன். அவை பதிவேட்டில் ஏறவே இல்லை.

இன்னொரு பொறி டிஸ்சார்ஜ் சம்மரி. அது வீட்டுக்குப் போகும், கணவர் கையில் இருக்கும், அவர் படிப்பார். ஆகவே அதில் என்ன எழுதலாம் என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விவரமான பதிவு ஏ.ஆரிலும் கேஸ் ஷீட்டிலும் இருக்கட்டும். கேஸ் ஷீட்டையும் கட்டிலின் காலடியில் தொங்கவிடாமல் நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டு தகவல்கள், இரண்டு இடங்கள்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு என்ற முறையில் மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்துக்கு நாம் அனுப்பும் தகவல் ஒன்று. 2005 ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ், மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பும் ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ என்ற படிவம் 1 மற்றொன்று. முதலாவதை எல்லோரும் அனுப்புவார்கள். இரண்டாவது இருப்பதே பல மருத்துவமனைகளில் தெரியாது, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணோ அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் மருத்துவமனை சிகிச்சை அளித்தாக வேண்டும். சட்டத்தின் விதிகளில் 17 ஆவது விதி மூன்று விஷயங்களைச் சொல்கிறது: முன்பே அறிக்கை பதியவில்லை என்ற காரணத்துக்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, அறிக்கை இல்லாவிட்டால் மருத்துவமனைப் பொறுப்பாளரே படிவம் 1 ஐ நிரப்பி உள்ளூர்ப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். யாராவது ‘இதெல்லாம் நம்ம வேலை இல்லை’ என்றால் இந்த விதி எண்ணைச் சொல்லுங்கள். பின்னால் பிரச்சினை வருமோ என்று அஞ்சுபவர்களுக்கு 4 ஆம் பிரிவு இருக்கிறது: நல்லெண்ணத்துடன் தகவல் கொடுத்தவர் மீது சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ சுமத்த முடியாது.

படிவத்தில் அடி மட்டுமன்றி, பாலியல் வன்முறை, வசைச்சொல், வரதட்சணை, பணத்தைப் பறித்துக்கொள்வது ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் அன்றிரவே நிரப்ப முடியாது. தெரிந்ததை நிரப்பி, அவர் ஒப்புதலுடன் அனுப்புங்கள். பாதுகாப்பு அலுவலர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் வளாகத்திலுள்ள சமூக நல அலுவலகத்தில் இருப்பார். அனுப்பியதற்கு ஒப்புகை வாங்கி ஏ.ஆர். எண்ணுடன் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

காவல் நிலையத்தில் ஒரு எச்சரிக்கை. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துப் பேசி, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி முடித்துவிடுவது பரவலான வழக்கம். சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே, முதல் தகவல் அறிக்கை அன்று. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி எலும்பு முறிவு கொடுங்காயம். கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு அதில் 85 ஆம் பிரிவு தனியே உள்ளது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்; கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

5. அன்றிரவு அவர் எங்கே போவார்?

வீட்டில் கணவர் கத்தியோ மண்ணெண்ணெயோ எடுத்து மிரட்டியிருக்கிறாரா, கழுத்தை நெரித்திருக்கிறாரா, அடி அண்மையில் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்றால், படுக்கை இல்லை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல் உள்நோயாளியாகச் சேர்க்க முயலுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு நர்ஸிங் ஸ்டேஷன் தொலைபேசியிலிருந்தே அழையுங்கள். அந்தப் பெண்ணின் கைப்பேசியில் அழைத்தால் அந்த எண் அதில் பதிவாகியிருக்கும். சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். காவல், சட்டம், உளவியல் உதவிகளும் அங்கேயே கிடைக்கும்.

அவர் வீட்டுக்கே திரும்புவேன் என்றால் அது அவர் முடிவு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் திருமணப் பத்திரிகையும் படமும், ஏ.ஆர். நகல் ஆகியவற்றின் ஒளிநகல்களை நம்பிக்கையான ஒரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

6. பாதிக்கப்பட்டவர் உங்களுடன் பணியாற்றுபவர் என்றால்

நம்மவர்களுக்கு எதை மறைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். முழுக்கைச் சட்டை, திடீர் விடுப்பு, நைட் டியூட்டியைத் தானே கேட்டு வாங்குவது, டியூட்டி முடிந்தும் ஓய்வறையிலேயே உட்கார்ந்திருப்பது, ஒரு மணி நேரத்துக்கு நான்கு முறை வரும் போன், சம்பள நாளில் டீக்குக்கூடக் கையில் காசில்லாமல் இருப்பது என்பனதான் அடையாளங்கள். எங்கள் அக்காவின் ஏ.டி.எம். அட்டை பதினொரு ஆண்டுகளாக அவர் கையில் இருந்ததே இல்லை.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது பணம். அவர் பெயரில் மட்டும் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி, சம்பளக் கணக்கை மாற்றக் கோரும் கடிதத்தை அந்த மாதச் சம்பளப் பட்டியல் தயாராவதற்கு முன் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு மாதச் சம்பளமும் பழைய கணக்குக்கே போகும். அரசு ஊழியரானால், சம்பள விவரங்கள் தெரியும் களஞ்சியம் செயலியின் கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லுங்கள். அடுத்தது சான்றிதழ்கள். அக்காவின் நர்ஸிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழை அவர் கணவர் ஒளித்து வைத்திருந்தார். அது இல்லாமல் அவரால் வேறு எந்த மருத்துவமனைக்கும் விண்ணப்பிக்க முடியாது என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

கணவர் வார்டு வாசலில் வந்து நின்று கத்துவது தனிப் பிரச்சினை. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின் கீழ், அந்தப் பெண் வேலை பார்க்கும் இடத்துக்குள் நுழையக் கூடாது என்று நீதித்துறை நடுவர் தடை விதிக்கலாம். அந்த உத்தரவை மீறினால் 31 ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் நகலை வாயிற்காவலரிடமும் புறக்காவல் நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். டியூட்டி பட்டியலைச் சுவரில் ஒட்டுவதையும், போனில் கேட்பவருக்கெல்லாம் ‘அவங்க நைட் டியூட்டி’ என்று சொல்வதையும் நிறுத்துங்கள்.

நிர்வாகத்தில் சிலர் இதை உள்ளகப் புகார்க் குழுவுக்கு அனுப்பச் சொல்வார்கள். அது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான குழு. வீட்டில் கணவர் அடித்ததை விசாரிக்க அதற்கு அதிகாரமில்லை. எங்களுக்கு இதில் மூன்று வாரம் வீணானது.

7. செலவும் காலமும்

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உத்தரவு நகலும் இலவசம். எங்களுக்கு ஆன செலவு ஒளிநகலும் பேருந்துக் கட்டணமும் அக்கா போட்ட விடுப்புகளும்தான். தனியார் மருத்துவமனைக் கட்டணம் கட்டியிருந்தால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவச் செலவை 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின் கீழ்க் கோரலாம். வழக்கைக் கணவரின் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம்.

விண்ணப்பம் கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. அக்காவுக்கு இறுதி உத்தரவு வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. ஆகவே முதல் நாளே 23 ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். அதற்குப் படிவம் 3 இல் பிரமாணப் பத்திரம் தேவை. இதை வழக்கறிஞரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

8. சம்மன் வரும்போது

ஓராண்டோ மூன்றாண்டோ கழித்து உங்களுக்கோ உங்கள் மருத்துவருக்கோ சம்மன் வரும். அதற்குள் நீங்கள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருக்கலாம். பல நூறு பேர் உங்கள் கையைக் கடந்து போயிருப்பார்கள். பதிவேட்டை முந்தைய நாளே வரவழைத்துப் படித்துவிட்டுப் போங்கள். அதில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள். அலுவல் முறையில் சாட்சி சொல்லப் போகும் நாளைப் பணி நாளாகக் கொள்ள வேண்டும் என்பதால், நீதிமன்றத்தில் வருகைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கில் அக்காவைக் காப்பாற்றியது ஏ.ஆர். அன்று. மாவுக்கட்டைச் சரிபார்க்க இரண்டு வாரம் கழித்துப் போனபோது, எலும்பியல் பிரிவில் இருந்த ஒரு பயிற்சி மருத்துவப் பெண் “எப்படிம்மா ஆச்சு?” என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். ‘கணவர் கையை முறுக்கியதாகச் சொல்கிறார், வலது மேற்கையில் மங்கிய மஞ்சள் நிறக் கன்றல்கள் நான்கு’ என்று ஓ.பி. சீட்டின் ஓரத்தில், தேதியும் கையெழுத்தும் போட்டு எழுதியிருந்தார். அந்தச் சீட்டைத் தன் தாயார் வீட்டு அரிசி டப்பாவுக்குள் அக்கா வைத்திருந்தார்.